கேலிப்பரைக் கழற்றிப் பார்த்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கார் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில், "பிரேக்கில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள், ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரியில் கதையை முடித்திருந்தீர்கள். அதில் பாதி சரி. தெரியாதவன் பிரேக்கைத் தொடக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மீதிப் பாதி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் மெக்கானிக் இல்லை. தூத்துக்குடியில் துறைமுகம் சார்ந்த ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற ஆள். இருபது வயது தாண்டிய மாருதி ஜென் ஒன்று வைத்திருக்கிறேன், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான், கேட்டுக் கீல் வருடத்துக்கு ஒருமுறை துருவேறி இறுகிவிடும், சைக்கிள் செயினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார் மட்டும் எப்படித் தப்பிக்கும்?

போன மாசி மாதம் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும்போது வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை விட்டால் ரோட்டோரத்துக்குப் போகப் பார்த்தது. வீட்டுக்கு வந்து இறங்கியதும் ஒரு கருகல் வாடை. இடது முன் ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன், தோசைக்கல்லில் விட்ட மாதிரி சுர்ரென்றது. வலது பக்கம் கை வைக்கிற சூடுதான். அதாவது பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மைலேஜ் ஏன் இரண்டு மாதமாகக் குறைந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் வழக்கமாகப் போகிற ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை, "கேலிப்பர் ஜாம் சார், ரெண்டு பக்கமும் அப்படியே மாத்திருங்க" என்றார்கள். செட்டாக ஏழாயிரத்துச் சொச்சம், கூலி தனி. இதே இடத்தில்தான் எட்டு மாதத்துக்கு முன் "கேலிப்பர் சர்வீஸ்" என்று பில் போட்டு வாங்கியிருந்தார்கள். அந்த சர்வீஸ் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு வந்த பதில், "வண்டி பழசு சார்." எட்டு மாதத்துக்கு முன்பு மட்டும் அது புதுசாகவா இருந்தது? சரி, சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமதளமான இடத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, கீழே இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடுகிற பழக்கத்தை நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் பார்க்கலாம்.

கேலிப்பர் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடு என்கிற உராய்வுக் கட்டையை வைத்துக் கவ்வுகிற இடுக்கி, அவ்வளவுதான். ஜென்னில் இருப்பது ஒரே பிஸ்டன் உள்ள வகை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும், எதிர்விசையில் கேலிப்பர் இரண்டு பின்கள் மேல் நழுவி வந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்தும். நல்லது. காலை எடுத்தால் பிஸ்டன் எப்படித் திரும்பிப் போகிறது? நானும் உள்ளே ஸ்பிரிங் இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்கே கிடையாது. சிலிண்டரின் உள்சுவரில் ஒரு காடி, அதில் ஒரு ரப்பர் சீல். வளையல் மாதிரி உருண்டையாக இருக்காது, வெட்டுமுகம் சதுரமாக இருக்கும். பிஸ்டன் முன்னால் போகும்போது இந்த ரப்பர் அதைப் பிடித்துக்கொண்டு லேசாக முறுக்கிக்கொள்கிறது, அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்கு வருகிறது, வரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த மயிரிழைதான் பேடு டிஸ்க்கை விட்டு விலகுகிற தூரம். ஒரு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள வண்டி பிரேக் பிடித்து விடுவது இந்தச் சின்ன ரப்பர் துண்டின் தயவில் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிஸ்டனை வெளியே எடுப்பதற்கு வண்டியின் பிரேக் பெடலே போதும். ஆயில் வருகிற ஹோஸைக் கழற்றாமல், பேடுகளை மட்டும் எடுத்துவிட்டுப் பெடலை மெதுவாக மிதித்தால் ஆயில் அழுத்தத்திலேயே பிஸ்டன் வந்துவிடும். ஒரு சிக்கல், இரண்டு பக்கமும் திறந்திருந்தால் சுலபமானதுதான் முதலில் வரும், ஜாம் ஆனது இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதனால் வலது பக்கப் பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு இடது பக்கத்தை முதலில் வெளியே கொண்டுவந்தேன். அப்புறம் வலது பக்கத்தைக் கழற்றி எடுத்து, சைக்கிள் பம்பை ஹோஸ் மாட்டுகிற துளையில் ரப்பர் சுற்றி வைத்து இரண்டு அடி அடித்தேன், டப்பென்று வந்து கட்டையில் இடித்து நின்றது. இதே வேலையைப் பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் செய்கிறவர்கள் உண்டு. பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், இடையில் விரல் இருந்தால் விரல் போய்விடும். கட்டையும் துணியும் இல்லாமல் காற்று அடிக்கவே கூடாது.

இடது பக்கச் சீலைக் காடியிலிருந்து நெம்பி எடுத்தபோதுதான் எட்டு மாதத்துக்கு முந்தைய "சர்வீஸ்" என்ன என்று தெரிந்தது. சீல் ஊறிப்போய், பொதபொதவென்று, விரலால் நசுக்கினால் அமுங்குகிறது. காடிக்குள் அடங்காமல் பிதுங்கிப் பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன்மேல் சேற்று நிறத்தில் சாதாரண சேஸிஸ் கிரீஸ். பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பருக்கு பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவுமே ஆகாது. எல்லாமே பெட்ரோலிய வகை, பட்டால் ரப்பர் ஊறி வீங்கிவிடும். யாரோ பழைய சீலையே பெட்ரோலில் கழுவி, வழுவழுப்பாக இருக்கட்டும் என்று பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து கிரீஸை எடுத்துத் தடவி மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி, எட்டாவது மாதம் ரிம் தோசைக்கல்லாகிவிட்டது. அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் தாங்கள் கெடுத்த பொருளுக்கே வண்டி பழசு என்று காரணம் சொல்லி ஏழாயிரம் கேட்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வலது பக்கத்தில் வேறு கதை. சீல் பரவாயில்லை, ஆனால் வெளியே இருக்கிற டஸ்ட் கவர் கிழிந்து, தண்ணீர் போய், பிஸ்டன் மேல் துரு. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் சீல் சிலிண்டர் பக்கம் உட்கார்ந்துகொண்டு பிஸ்டனைத் தொடுகிறது. அதனால் பிஸ்டன் மேல்தோல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், சிலிண்டர் சுவரில் லேசாகக் கறை இருந்தால்கூடக் குடி முழுகிப் போகாது. பின் சக்கர டிரம்மில் இருக்கிற வீல் சிலிண்டரில் இது தலைகீழ், அங்கே ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து நகரும், சுவரில் கீறல் இருந்தால் ஆயில் கசிந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நல்ல கேலிப்பரைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள், கெட்ட வீல் சிலிண்டரைத் துடைத்து மாட்டுகிறார்கள். என் வலது பிஸ்டனில் சீல் தொடுகிற இடத்திலேயே கடுகு அளவுக்குக் குழிகள் இருந்தன. நைசான உப்புத்தாளில் பிரேக் ஆயில் தொட்டுத் தேய்த்தால் மேலோட்டமான கறை போகும், குழி போகாது. தேய்த்துத் தேய்த்து குரோம் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி துரு ஏறும். பிஸ்டனை மாற்றுவது என்று முடிவுசெய்தேன்.

சிலிண்டர் காடியைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கிற இடம். சீலுக்குப் பின்னால் வெள்ளையும் பழுப்புமாக ஒரு சுண்ணாம்பு மாதிரிப் படிவு சேர்ந்திருக்கும், புதுச் சீல் போட்டாலும் அந்தப் படிவு இருந்தால் சீல் உள்ளே முழுதாக உட்காராமல் பிஸ்டனை இறுக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் காடி விளிம்பு கீறிவிடும். நான் தென்னங்குச்சியை உளி மாதிரிச் சீவி, பழைய டூத் பிரஷ்ஷும் பிரேக் ஆயிலுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். வீட்டில், "காருக்குப் பல் தேய்த்து விடுறீங்களாக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இனி கடைக் கதை. சீல் கிட் என்று கேட்டால் முதல் மூன்று கடைகளில் "அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறா, அசெம்பிளியா எடுத்துக்கோங்க" என்றார்கள், அதாவது கேலிப்பரையே முழுதாக வாங்க வேண்டுமாம். நாலாவது கடை அண்ணாச்சி மட்டும் பழைய சீலைக் கையில் வாங்கிப் பார்த்து, பிஸ்டன் விட்டத்தைக் கேட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு தூசி படிந்த பாக்கெட்டை எடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் சீல், டஸ்ட் கவர், பின்னுக்கான ரப்பர் பூட் எல்லாம் சேர்த்து ஐநூறுக்குள். பிஸ்டன் அவரிடம் இல்லை, மதுரையிலிருந்து இரண்டு நாளில் வரவழைத்துக் கொடுத்தார். ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் போடுகிற செம்பு வாஷர்களைக் கேட்காமலே எடுத்து வைத்தார், "பழச மாட்டினா கசியும், சொல்லிட்டேன்" என்று. மொத்தச் செலவு, பிரேக் ஆயிலும் சேர்த்து, பட்டறையில் கேட்ட ஏழாயிரத்தில் கால் பங்குகூட வரவில்லை. இந்த மாதிரி சாமான் என்ன ஜப்பானிலிருந்தா வர வேண்டும்? சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கப்பட்ட நிறுவனம், பிரேக் சாமான் செய்வதில் நம் மாநிலத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு ரப்பர் வளையத்துக்கு நாலு கடை ஏற வேண்டியிருக்கிறது. அசெம்பிளியில் லாபம் அதிகம், வேலை குறைவு. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாட்டுவது சுலபம். புதுச் சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கு இல்லாமல் காடியில் உட்கார வைத்து, பிஸ்டனையும் நனைத்து, கோணாமல் நேராக, பெருவிரல் அழுத்தத்திலேயே உள்ளே இறக்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். நழுவுகிற பின்களுக்கு ரப்பருக்கு ஆகிற சிலிகான் கிரீஸ் தனியாகக் கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும். அந்தப் பின்கள் காய்ந்து பிடித்துக்கொண்டால் ஒரு பேடு தேய்ந்து தகடாகியிருக்கும், எதிர்ப் பேடு புதுசு மாதிரி இருக்கும். அப்படிப் பார்த்தால் பேடை மட்டும் மாற்றிவிட்டு வருவது வீண். கேலிப்பரை ஹோஸிலேயே தொங்க விடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வைப்பதும் முக்கியம், ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது.

இப்போது என் சொந்த முட்டாள்தனம். அதைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. எல்லாம் மாட்டியாயிற்று, ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். நான் கீழே, கேலிப்பரில் காற்றை வெளியே விடுவதற்கென்று இருக்கிற நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் ஆயிலுக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "மிதி... பிடி... விட்டுராத..." நிப்பிளைத் திறந்து, மூடி, "இப்ப விடு." இப்படி ஒரு நாற்பது தடவை. டியூப்பில் குமிழி வருவது நின்றுவிட்டது, ஆனால் பெடல் மட்டும் பஞ்சு மாதிரி, தரை வரை போகிறது. ஆயில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன், மறுபடி, மறுபடி. மாலை ஆறு மணிக்கு அவள் கால் வலிக்கிறது என்று இறங்கிப் போய்விட்டாள். பக்கத்துத் தெருவில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்த வழியாக வந்தவர், சைக்கிளை நிறுத்தி, குனிந்து, ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். "ஏர் எப்பவும் மேலதான ஏறும். நீங்க வாசலக் கீழ வச்சிருக்கீங்களே" என்றார்.

இடதை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றி மாட்டியிருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, ஒன்றாகக் கழுவி, ஒரே துணியில் பரப்பி வைத்ததன் பலன். மாற்றி மாட்டினாலும் போல்ட் எல்லாம் அழகாக உட்கார்ந்துவிடுகிறது, நிப்பிள் மட்டும் அடிப்பக்கம் வந்துவிடும், மேலே தங்கிய காற்று ஆயுசுக்கும் வெளியே வராது. மறுநாள் காலையில் மாற்றிப் போட்டு, பதினைந்து மிதியில் பெடல் கல் மாதிரி நின்றது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போயிருந்தால் இந்தக் கூத்தே இல்லை, தவிர எதிர்ப் பக்கம் மாதிரிக்கு அப்படியே இருந்திருக்கும்.

ஆயிலைப் பற்றியும் கொஞ்சம். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது ஆயிலே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிற குணம் அதற்கு உண்டு. அதன் தர வகைகளில் டாட் 3 என்றால் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இதே கணக்கு 230-உம் 155-உம். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர்களுக்குத் திடீரென்று பெடல் தரைக்குப் போவது இதனால்தான். உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகிவிடுகிறது, ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், போன வருடம் திறந்த டப்பாவில் மிச்சம் இருந்ததை ஊற்றாதீர்கள். பெயிண்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். என் வண்டியின் இடது ஃபெண்டரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் உரிந்திருப்பது இதை மறந்ததன் அடையாளம்.

எல்லோரும் ஸ்பேனரைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பின்னாலும் டிஸ்க் இருந்து ஹேண்ட் பிரேக்கும் அதிலேயே இருக்கிற வண்டிகளில் பிஸ்டனை நேராக அமுக்கினால் உள்ளே உடைந்துவிடும், பெரும்பாலும் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். பட்டன் வைத்த ஹேண்ட் பிரேக் என்றால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் மாட்டாமல் தொட முடியாது. ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் ஏர் எடுப்பதும் வேறு மாதிரி. பழைய, எளிய வண்டி, முன் சக்கரம், நிதானமான ஆள், பக்கத்தில் தெரிந்த ஒருவர் என்று நாலும் அமைந்தால் மட்டுமே இது வீட்டு வேலை. முடித்த பிறகும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பல தடவை மிதித்துப் பேடை டிஸ்க்கோடு சேர்த்துக்கொண்டு, ஆள் இல்லாத ரோட்டில் நடை வேகத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் முதல் சுற்று போனேன்.

உங்கள் கட்டுரையாளரிடம் நான் எதிர்பார்ப்பது, "ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், விட்டால் என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கழற்றிய சீலைக் காட்டச் சொல்லுங்கள், மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள், எதில் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். இதைக் கேட்கிற வாடிக்கையாளர் நாலு பேர் வந்தால் பெட்ரோல் டப்பா தானாகவே ஓரம் போய்விடும்.

இன்னொன்று, இதற்கு எனக்கே விடை கிடைக்கவில்லை, உங்கள் நிருபர் விசாரித்துச் சொன்னால் நல்லது. கழித்த பழைய பிரேக் ஆயில் முக்கால் லிட்டர் ஒரு தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. விசாரித்த இரண்டு பட்டறையிலும் "அந்த ஓடைல ஊத்திருங்க சார்" என்றார்கள். பழைய என்ஜின் ஆயில் வாங்குகிறவர் இதை வேண்டாம் என்றுவிட்டார். குப்பை வண்டியில் வருகிற அம்மாவிடம் கொடுத்தால் அவர் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பார்ப்பதற்கு நன்னாரி சர்பத் மாதிரியே இருப்பதால் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எடுத்துவிடக்கூடாது என்று என் மனைவி பாட்டிலைச் சுற்றிப் பேப்பர் ஒட்டி, சிவப்பு மையில் "விஷம்" என்று எழுதிப் பரண்மேல் வைத்திருக்கிறாள். மாநகராட்சியில் இதை எங்கே, யாரிடம் கொடுப்பது?

இப்படிக்கு,
ஜென் கார் வாசகர்,
தூத்துக்குடி.